ஊதா விளக்கில் என் இடது கை

அந்த வகுப்பறையை நினைத்தால் இன்றைக்கும் வாயில் புளித்த தண்ணீர் ஊறுகிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் மகள் மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்து, ஆக்லாந்தில் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தவள். தொண்ணூறுகளில் என்னையும் அந்த நகரத்தில் பாபடோயிட்டோய் என்ற பகுதியில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள். நான் வந்த பிறகு அவள் மேற்படிப்பு ஒன்றில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கிருமி தொற்றாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று, ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர்களுக்கே சொல்லிக்கொடுக்கும் படிப்பு. படித்தது அவள், குமட்டியது எனக்கு. சாப்பாட்டு மேசையிலேயே புத்தகத்தை விரித்து வைத்திருப்பாள். சீழும் படுக்கைப் புண்ணும் கலர் படமாக இருக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரசம் ஊற்றுவேன்.

வெள்ளிக்கிழமைகளில் நம் ஆட்கள் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்துப் பஜனை வைப்பார்கள். முடிவில் சாப்பாடு. தயிர்சாதம் என் பொறுப்பு. எனக்கு இங்கிலீஷ் வராது. நாலு பேர் முன்னால் தமிழும் வராது. அந்த அண்டாவுக்குள் கையை விட்டுக் குழையக் குழையப் பிசையும்போதுதான், இந்த ஊரில் எனக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று தோன்றும். யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தி எப்போதும் முதல் ஆளாகத் தட்டோடு வந்து நிற்பாள்.

“அக்கா, உங்கட தயிர்ச்சோறு எண்டா என்ர மனுசன் பஜனை முடிய முதலே எழும்பிடுவார்” என்பாள்.

அந்த அண்டாவுக்குத்தான் வந்தது வினை.

“இனிமே கைய விட்டுப் பிசையாதம்மா” என்றாள் மகள்.

“ஏண்டி, என் கையில என்ன குஷ்டமா?”

“உன் கைன்னு இல்ல. யார் கையும் கூடாது. அத்தனை பேர் சாப்பிடுறது. நாளைக்கு ஒருத்தருக்கு வயித்தால போனா உன்னத்தான் சொல்லுவாங்க.”

“நான் கழுவாமயா பிசையிறேன்?”

அவள் புத்தகத்தை மூடினாள். “சரி. எங்க வகுப்புல கை கழுவுறதப் பத்தி நான் ஒரு பாடம் நடத்திக் காட்டணும். அதுக்கு மார்க் உண்டு. நீ வந்து கழுவிக் காட்டு. சுத்தம்னு வந்துச்சுன்னா நீயே பிசை. நான் வாயே தொறக்க மாட்டேன்.”

அண்டாவுக்காகத்தான் போனேன்.

வகுப்பில் எல்லாரும் நர்ஸுகள். பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்கள். மகள் என் இரண்டு கையிலும் ஒரு களிம்பைத் தடவினாள். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய இடத்தில் அது போய்விடுமாம். கழுவாத இடத்தில் ஒட்டிக்கொண்டு, ஊதா விளக்கில் மினுங்குமாம். குழாயடிக்குப் போனேன். இடது கையால் திறந்தேன். வலது கையில் சோப்பை வாங்கி, அந்தக் கை விரல்களை அதன் உள்ளங்கையிலேயே வைத்துத் தேய்த்தேன். நகத்தைச் சுரண்டினேன். மணிக்கட்டு வரைக்கும் தண்ணீர் விட்டேன். சாப்பிடுகிற கை அது, பிசைகிற கை அது. அதைத்தானே கழுவ வேண்டும். இடது கைக்குச் சிந்தினது போதும். எனக்குத் தெரிந்து எல்லாரும் அப்படித்தான்.

அறையை இருட்டாக்கி விளக்கைப் பிடித்தாள். வலது கையில் ஒன்றும் இல்லை. எனக்குச் சிரிப்புகூட வந்தது. விளக்கை இடது பக்கம் நகர்த்தினாள். விரல் இடுக்கு, நகக்கண், ரேகை என்று எல்லாம் வெளுத்துப் பச்சையாக, அந்தப் புத்தகத்துச் சீழ் மாதிரியே மினுங்கியது. யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அது என் கை என்று எனக்கே நம்பப் பிடிக்கவில்லை.

மார்க் போடும் டீச்சரம்மா ஏதோ கேட்டார். மகள் தன் இடது கையைத் தூக்கிக் காட்டி நீளமாகச் சொன்னாள். அதில் டாய்லெட் என்ற ஒரு சொல் எனக்குப் புரிந்தது. எல்லாரும் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். முன்வரிசைப் பெண் மடியில் இருந்த கைப்பையைச் சற்றே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

தண்ணீரே தொடாமல் தாளால் துடைத்துவிட்டு எழுந்து வருகிறவர்கள் இவர்கள். அந்தத் தாள் சுருளை முதலில் பார்த்த அன்றைக்கு எனக்கு எப்படிக் குமட்டியது என்று நான் யாருக்காவது பாடம் எடுத்தேனா?

பிறகு எனக்கு டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார்கள். எந்தக் கையை நீட்டுவது என்று தெரியாமல், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

காரில் மகள்தான் ஆரம்பித்தாள். “ஏம்மா உம்முன்னு வர்ற?”

“எதுக்குடி அதப் போயி சொன்ன?”

“ஏன் ஒரு கைய மட்டும் கழுவுறாங்கன்னு கேட்டாங்கம்மா. நம்ம ஊர் ஆளுங்களும் வார்டுல வந்து படுக்குறாங்கல்ல? காரணம் தெரிஞ்சாத்தான சொல்லிக்குடுக்க முடியும்?”

“அதுக்கு என் கைதான் கெடச்சுதா?”

“வேற யாரும்மா வருவா எனக்கு?”

இடது கையை முந்தானைக்குள் செருகிக்கொண்டேன். அருவருப்பு மட்டும் போகவில்லை. அவளுக்கு நல்ல மார்க் கிடைத்தது.

சொன்ன சொல்லை அவள் மீறவில்லை. இரண்டு கையையும் சேர்த்துக் கழுவ எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த விளக்கையும் களிம்பையும் ஹாலுக்கே எடுத்துவந்து, சாமான் அறைக்குள் வைத்துச் சோதித்தாள். இரண்டு கையும் சுத்தம்.

“ம், போய்ப் பிசைம்மா.”

அண்டாவுக்குள் கையை விட்டேன். தயிரும் சோறும் விரல் இடுக்கில் பிதுங்கி வந்தன. வெளுப்பாக, கொழகொழவென்று. வகுப்பில் அந்த முன்வரிசைப் பெண் கைப்பையை இழுத்தது கண்ணுக்குள் வந்தது. கையை உதறிவிட்டுக் கரண்டியை எடுத்தேன். கரண்டிக்குச் சோறு குழையவே இல்லை.

யாழ்ப்பாணத்து அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “என்னக்கா, கட்டி கட்டியாக் கிடக்கு? இண்டைக்கு நீங்கள் பிசையேல்லையோ?”

“கை வலிம்மா” என்றேன்.

மகள் பக்கத்தில்தான் நின்றாள். என் கையிலிருந்த கரண்டியை வாங்கி அடுத்த தட்டுக்குப் பரிமாறினாள். அதன் பிறகு நான் அண்டாவுக்குள் கை விட்டதில்லை. கோயிலில் யாராவது பிரசாதம் நீட்டினாலும், முதலில் அவர்களுடைய இடது கை எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். பார்த்துவிட்டால் அப்புறம் விழுங்க முடிவதில்லை.