சாவியோடு நிற்கும் மோட்டார் சைக்கிள்கள்

காலை ஏழரைக்கு மட்டக்களப்பில் கல்முனை பஸ் ஏறினேன். தங்கை வீடு இருக்கும் பெரியகல்லாற்றுக்கு முப்பத்தைந்து ரூபாய். சுனாமி அடித்து மூன்றாவது வருடம், யுத்தமும் நடந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் புதுக் கூரைகள், சோதனைச் சாவடிகள். இரண்டு தடவை இறக்கி ஏற்றினார்கள். "மட்டக்களப்பில் வாகனக் களவே இல்லையாம், கள்வரெல்லாம் நம்ம கொழும்பு வெள்ளவத்தையில்தான்" என்று கந்தோரில் கூட வேலை செய்யும் நண்பர் சொல்லி அனுப்பியிருந்தார். வெள்ளவத்தையில் என் ஸ்கூட்டர் களவு போனது உண்மைதான். பத்து நிமிடத்தில் பொலிஸில் முறைப்பாடு எழுதித் தந்தார்கள்.

ஒன்பது மணிக்கு இறங்கினேன். கடை வாசலில் நின்ற நான்கு மோட்டார் சைக்கிள்களிலும் சாவி தொங்கியது. எவ்வளவு நம்பிக்கையான ஊர் என்று மகிழ்ந்துபோனேன். என் மடமையை என்னவென்று சொல்ல!

தங்கையின் கணவர் தேவன், வாவி மீன் வாங்கி ஊரூராக விற்பவர், என்னைக் கூட்டிப்போக நடந்து வந்தார்.

"மோட்டார் சைக்கிள் எங்க மச்சான்?"

"கொண்டு போயிட்டாங்க. துவக்கோட ரெண்டு பேர், எந்தக் குழுவோ தெரியா. சாவி இல்லையெண்டா அடிதான் விழும். அதுதான் எல்லாரும் சாவியோட விடுற."

"பொலிஸில சொன்னீங்களா?"

"எழுதுறாங்க இல்ல. சைக்கிள் போனாப் போகட்டும். அதில போய் ஆரையும் சுட்டாங்கெண்டா? நம்பர் என்ட பேரிலதானே கிடக்கு. என்னைத்தானே புடிப்பாங்க?"

பத்தரைக்கு அவரை இழுத்துக்கொண்டு பொலிஸ் நிலையம் போனேன்.

"சாவி எங்க இருந்தது?" என்றார் சார்ஜன்ட்.

"சைக்கிள்லதான் ஐயா."

"அப்ப நீதான் குடுத்திருக்கிறாய். களவு இல்ல." பிறகு இரக்கப்பட்டவர்போல, "சுனாமியில போனதெண்டு எழுதவா?" என்றார்.

சைக்கிள் வாங்கியதே சுனாமிக்கு அடுத்த வருடம்! பதிவுப் புத்தகத்தை மேசையில் வைத்தேன். மனிதர் புரட்டியும் பார்க்கவில்லை. அவர் தலைக்குப் பின்னால் பலகையில், இந்த மாத வாகனக் களவு என்பதற்கு நேரே, சோக்கட்டியால் அழகாக ஒரு பூச்சியம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொழும்பில இதுக்குப் பேர் களவு ஐயா!"

"அப்ப கொழும்பில போய்ச் சொல்லு."

அந்தப் பூச்சியத்தைப் போட்ட கை விளங்குமா?

பின்னேரம் மூன்று மணிக்குத் தேத்தண்ணிக் கடையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஒருவரைச் சுட்டதாக ரேடியோவில் செய்தி. செத்தவர் பெயருக்காகக் கடையே காது கொடுத்துக் கேட்டது. தேவன் மட்டும் எழுந்து ரேடியோவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். சுட்டவர்கள் வந்த சைக்கிளின் இலக்கத்தைச் சொல்லவில்லை.

பஸ் புறப்படும்போது யன்னலோரம் வந்து ஒரு துண்டுக் கடதாசியைத் தந்தார். சைக்கிளின் இலக்கம்.

"கொழும்புப் பேப்பரில இந்த நம்பரைக் கண்டா உடனே ஒரு கோல் எடுங்க மச்சான். ஓடுறதுக்கு ஒரு மணித்தியாலமாவது கிடைக்கும்."