ரெண்டாவது கர்னல்

நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. பேய்க்கதை பேசுகிற இடத்திலிருந்து எழுந்து போய்விடுகிற ஆள்தான் நானும். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில், இலையைக் காயவைக்கும் டிரையருக்கு அடுப்பு எரிப்பது என் வேலை. தேயிலை விலை படுத்து, சுற்றியிருந்த ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்த சமயம் அது. இன்னொரு தடவை தூள் கருகினால் நாமும் பூட்ட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

டிரையரின் சூட்டைக் காட்டுவதும் காற்றாடியை ஓட்டுவதும் ஒரு கம்ப்யூட்டர். அது அடிக்கடி மக்கர் பண்ணியதால் சரிசெய்யக் குன்னூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். மத்தியானம்தான், ஆனால் வெளியே ஒன்றும் தெரியாத பனிமூட்டம், உள்ளே டிரையர் நிறைய இலை.

"மிஷினை அணைக்க வேண்டாங்ணா. ஓடிட்டிருக்கறப்பவே ரெண்டாவது கெர்னலை ஏத்திடலாம். பழசு விட்ட இடத்துல புதுசு எந்திரிச்சுக்கும். ஒரு மூச்சு நேரந்தான்" என்றாள்.

கம்ப்யூட்டருக்கு உயிர் மாதிரியான புரோகிராமுக்கு அப்படிப் பெயராம். எங்கள் காதில் கர்னல் என்றுதான் விழுந்தது. எங்களுக்குத் தெரிந்த கர்னல், ஃபேக்டரியைக் கட்டிய வெள்ளைக்காரத் துரை. அவரை மேல்காட்டில்தான் புதைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அவர் கைத்தடியால் டிரையர் கதவில் இரண்டு தட்டுத் தட்டினால், அடுப்பின் காற்றுக் கதவை உடனே மூடித் தீயைத் தணி என்று அர்த்தமாம். அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"ஏனுங்கம்மணி, ஒரு கர்னல்கிட்டயே எங்கப்பனுக முதுகு பிஞ்சுச்சு, இன்னொருத்தரா?" என்று கூட வேலை செய்யும் மாரி சிரித்தான்.

திரை இருண்டது. ஒரு மூச்சு போயிற்று, வெளிச்சம் வரவில்லை, காற்றாடியும் நின்றுவிட்டது. சூடு எவ்வளவு என்று தெரியவில்லை, தீயைக் குறைத்தால் இலையில் ஈரம் நிற்கும், விட்டால் கருகும்.

டக். டக்.

இரும்புக் கதவில்தான். என் கை தானாகப் போய்க் காற்றுக் கதவை மூடியது.

திரை வந்தது. சூடு சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. தூள் கருகவில்லை.

"நல்லவேளை மூடுனீங்க. எதுக்குங்ணா கதவைத் தட்டுனீங்க?"

"நான் தட்டலீங்க அம்மணி."

மாரி அந்தக் கோடியில் கூடையோடு நின்றான். சிரிப்பைக் காணோம்.

அவள் கிளம்பும்போது கூச்சத்தோடு கேட்டேன்: "அந்தப் பழைய கர்னல் எங்கீங்க போனாரு?"

"எங்கயும் போகலீங்ணா" என்றாள், பையை மூடிக்கொண்டே. "அதுக்கு மேல வேற ஏதாச்சும் எழுதற வரைக்கும் இருந்த இடத்துலயே கெடக்கும்."

ஃபேக்டரி இன்றும் ஓடுகிறது. டிரையர் கதவுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறோம். கைத்தடி நுனி அளவுக்கு இரண்டு இடத்தில் மட்டும் பெயிண்ட் நிற்பதில்லை.