அத்தை எடுத்துக்கொண்ட நான்கு பொம்மை மீன்கள்

அத்தையின் வாழ்க்கையைப் பற்றிப் பேச மஸ்கட்டிலிருந்து மாமாவும், அவர் பக்கத்துப் பெரியவர்களும் வரவிருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின மாலை, அத்தை எங்கள் நந்தனம் வீட்டு ஹாலில் செய்தித்தாள்களை விரித்து, தன்னிடமிருந்த பொம்மை மீன்கள் அத்தனையையும் அவற்றின் மேல் வரிசையாகப் படுக்க வைத்தாள். எனக்கு அப்போது பத்து வயது. வீட்டில் எல்லோரும் சில நாட்களாக மெல்லிய குரலில் பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாது.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி ஏழு வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு, அந்தக் கோடையில் திரும்பி வந்திருந்தாள். லீவுக்கு வந்திருக்கிறாள் என்று என்னிடம் சொன்னார்கள். என் பள்ளிக்கூட லீவு முடிந்தது. அத்தையின் லீவு முடியவில்லை. அவள் கொண்டுவந்தது ஒரு சூட்கேஸ், இரண்டாகக் கழற்றி மடக்கக்கூடிய தூண்டில் கோல், ஒரு பச்சை பிளாஸ்டிக் பெட்டி. மஸ்கட்டில் வெள்ளிக்கிழமைதோறும் மாமாவும் நண்பர்களும் பாறைமேல் நின்று மீன் பிடிப்பார்களாம். ஃபிளாஸ்கில் டீ கொண்டுபோய் ஊற்றிக் கொடுப்பதற்காகத்தான் அத்தை கூடப் போனாள். ஒருநாள் மாமா டீ குடித்து முடிக்கும் வரை அவருடைய கோலை வாங்கி வைத்திருந்தவள், அதைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் முனையில் ஒரு மீனும் இருந்ததாம். அதற்குப் பிறகு அவரவர் டீயை அவரவரே ஊற்றிக்கொண்டார்கள்.

இந்த வகை மீன்பிடிப்பில் புழுவோ இறாலோ தேவையில்லை. பிளாஸ்டிக்கிலோ தகரத்திலோ ரப்பரிலோ செய்து, வயிற்றில் கொக்கி வைத்த பொம்மையைத் தூர வீசி, உயிருள்ள குட்டி மீன்போல நெளிய வைத்து இழுக்க வேண்டும். பெரிய மீன் அதை நம்பினால் மாட்டிக்கொள்ளும். லூர் என்று அத்தை சொல்வாள். எனக்கு அவை பொம்மைகள்தான். எண்ணிப் பார்த்தேன், அறுபத்து மூன்று இருந்தன.

"இதுல நாலுதான் நாளைக்கு. மிச்சம் எல்லாம் பெட்டியில போய்டும்," என்றாள் அத்தை.

நான் முதலில் எடுத்துக் கொடுத்தது ரோஜா நிறத்தில் ஜிகினா பூசிய ஒன்று. அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒதுக்கினாள். "அழகா இருக்கறது நமக்குடி. மீனுக்கு இல்ல." பிறகு அவள் தேர்ந்தெடுத்த விதத்தை இப்போதும் என்னால் சொல்ல முடியும். தண்ணீர் மேலேயே தெறித்துக்கொண்டு வருவது ஒன்று. தாடைக்குக் கீழே சின்னக் கரண்டிபோல நீட்டிக்கொண்டு, இழுக்க இழுக்க முங்குவது ஒன்று. காற்று எதிர்த்தாலும் தூரம் போகிற கனமான தகடு ஒன்று. எங்கே போட்டாலும் எப்படி இழுத்தாலும் கோபித்துக்கொள்ளாத, விரல் நீள வெள்ளை ரப்பர் மீன் ஒன்று. ஆற்றின் மேல்மட்டம், நடுமட்டம், தூரம், அடிமட்டம். இதற்கு மேல் மீன் எங்கே போய்விடும் என்றாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனா என்ன?"

"கடிக்கலைன்னா உடனே மாத்தத் தோணும். மாத்திக்கிட்டே இருப்போம். நாளைக்கு எனக்கு அவ்ளோ யோசிக்க முடியாது."

சொல்லிவிட்டு, எங்கோ பார்த்தபடி ரப்பர் மீனின் வயிற்றை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். கொக்கி குத்திவிடுமே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, நாளைக்கு அவர்கள் வரும்போது இதில் ஒன்றுகூட ஹாலில் கிடக்கக் கூடாது என்றாள். அப்பா பச்சைப் பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்தார். ஸ்டூலிலிருந்து இறங்கியவர் கேட்டார்: "நாளைக்குமா மீன் பிடிக்கப் போகணும்?"

"பத்து மணிக்குள்ள வந்துடறேண்ணே."

"ஒன்பதரை."

"சரி. ஒன்பதரை."

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை என்னையும் அழைத்துப் போவதற்குக் காரணம் என் திறமை இல்லை. ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் ஒரு பெண் தனியாகக் கோலோடு நின்றால் வருகிறவன் போகிறவன் எல்லாம் கேள்வி கேட்பான். பக்கத்தில் ஒரு பிள்ளை நின்றால் கேள்வி பாதியாகக் குறையும். மீதிப் பாதியை அவள் சமாளிப்பாள். அம்மாவின் ஸ்கூட்டரில் விடிவதற்குச் சற்று முன் கிளம்பினோம். பெசன்ட் நகர் தாண்டி, ஊரூர் ஒல்காட் குப்பத்துச் சந்துகளில் படகு எஞ்சின்களுக்கும் காயும் வலைகளுக்கும் நடுவே வளைந்து, உடைந்த பாலத்துக்குப் பக்கத்து மணலில் இறங்கியபோது, கடல் நீர் ஆற்றுக்குள் ஏறத் தொடங்கியிருந்தது. நல்ல நேரம் என்றாள் அத்தை.

நல்ல நேரமாகத் தொடங்கவில்லை. நாலாவது வீச்சிலேயே மேலே தெறிப்பது பாலத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் போய் மாட்டிக்கொண்டது. எவ்வளவு ஆட்டியும் வரவில்லை. அத்தை தூண்டில் நரம்பை அறுத்தாள். அது அங்கேயே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்து முங்குவதைக் கட்டினாள். வெகுநேரம் எதுவுமில்லை. பிறகு ஒரு மீன் அதைக் கவ்வி, அத்தை கோலை நிமிர்த்துவதற்குள் பாலத்தூண் பக்கம் ஓடியது. தூண் முழுக்கச் சிப்பி ஒட்டியிருக்கும், கத்தி மாதிரி. நரம்பு தளர்ந்து மிதந்தது. அத்தை அறுந்த முனையைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாள். மணி எட்டைத் தாண்டியிருந்தது.

மூன்றாவதை இழந்தது நான். தகடு கட்டியதும், ஒரே ஒரு தடவை நான் வீசுகிறேன் என்று அடம்பிடித்தேன். வேறு நாளாக இருந்தால் மறுத்திருப்பாள். அன்று கொடுத்தாள். நரம்பைப் பிடித்திருக்கும் ரீல் கம்பியைத் திறந்துவிட்டு வீச வேண்டும் என்பது எனக்குத் தெரிந்ததுதான், அவசரத்தில் மறந்தேன். பட்டென்று ஒரு சத்தம். தகடு மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டே நான் கற்பனையே செய்யாத தூரத்துக்குப் போய் விழுந்தது. அத்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கோலை வாங்கிக்கொண்டு கரையில் உட்கார்ந்து, வெள்ளை ரப்பரைக் கட்ட ஆரம்பித்தாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அப்போது பையிலிருந்த போன் அடித்தது. போன் என் பொறுப்பு. அப்பா. "கிளம்பிட்டீங்களா?" அத்தையைப் பார்த்தேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கிளம்பிட்டோம்ப்பா," என்றேன். அப்பாவிடம் நான் அதுவரை பொய் சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னதில்லை.

கடைசி வீச்சு, கடைசி வீச்சு என்று அத்தை எத்தனை வீசினாள் என்று தெரியாது. தூரம் போகவில்லை, கரையை ஒட்டியே போட்டாள். இரண்டு சுற்று, ஒரு நிறுத்தம், இரண்டு சுற்று. திடீரென்று கோல் வளைந்து முனை தண்ணீரைத் தொட்டது. ரீல் அலறியது. முப்பதடி தள்ளி ஒரு பெரிய வெள்ளி உடம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி, தலையை உதறி, விழுந்தது. கொடுவா. அவ்வளவு பெரிய மீனை நான் உயிரோடு பார்த்ததில்லை.

அது நேராகப் பாலத்தை நோக்கி ஓடியது.

சற்றுத் தள்ளி வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்த குப்பத்துக்காரர் ஒருவர், வலையை மணலில் போட்டுவிட்டு ஓடி வந்தார். "யம்மா! பாலத்தாண்ட வுடாதே! சிப்பி அறுத்துடும்! இந்தாண்ட இஸ்து வா, இந்தாண்ட!"

அத்தை கோலைப் பக்கவாட்டில் சாய்த்து, ரீலைக் கையால் அழுத்திப் பிடித்தபடி, மணலில் பின்னாலேயே நடந்தாள். நரம்பு விரலை அறுத்து ரத்தம் வழிந்தது. மறுபடி போன். இந்தத் தடவை பெரியப்பா. தி. நகர் ஜவுளிக்கடையில் இருபது பேரை மேய்க்கும் குரல். "அவங்கல்லாம் வந்து உக்காந்தாச்சு. அவகிட்ட குடு போனை." நான் போனை அத்தையின் காதருகே நீட்டினேன்.

"வச்சுடு," என்றாள்.

பெரியப்பாவின் போனை வைப்பதா? எங்கள் குடும்பத்தில் அதைச் செய்தவர்கள் இல்லை. மீன் இன்னொரு முறை எழும்பியது. தூணுக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் நீளம்கூட இல்லை. நான் வைத்துவிட்டேன். அணைத்தும்விட்டேன்.

அந்த ஒரு ஆள் நீளத்தில் எவ்வளவு நேரம் இழுபறி நடந்தது என்று எனக்குத் தெரியாது. அத்தை வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். வேண்டாம், வேண்டாம் என்பதுபோல இருந்தது. மீனிடம் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு மீன் திரும்பியது. ஒருக்களித்து, வாயைத் திறந்து மூடியபடி ஆழமில்லாத இடத்துக்கு வந்தது. குப்பத்துக்காரர் முழங்கால் நீரில் இறங்கி, செவுளில் கைகொடுத்துத் தூக்கிக் கரையில் போட்டார்.

"ஆறு கிலோ தேறும். இன்னாத்த போட்டே?" என்றவர், வாயோரம் தொங்கிய ரப்பரைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அட, இத்த நம்பியா வந்துகீது!"

அத்தை மணலில் மண்டியிட்டு அழுதாள். மீன் பிடித்ததற்கு யாராவது அழுவார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மனிதர் சிரிக்கவில்லை. தன் சாக்கு ஒன்றில் மீனைப் போட்டுக் கட்டிக் கொடுத்து, "நேரா வூட்டுக்குப் போம்மா," என்றார்.

வீடு வந்து சேரும்போது மணி பத்தரை. வாசல் நிறைய செருப்பு, ஹாலில் காபி வாசனை. மாமா சோபாவின் ஓரத்தில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் அம்மா அருகில். பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். முழங்காலில் சேறும், விரலில் கைக்குட்டையும், கலைந்த பின்னலுமாக அத்தை வாசலில் நின்றாள். அவள் கையிலிருந்த சாக்கிலிருந்து மொசைக் தரையில் நீர் சொட்டிய சத்தம் கேட்டது. பெரியப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா ஓடிவந்து சாக்கை வாங்கப் போக, கட்டு அவிழ்ந்து மீன் பாதி வெளியே சரிந்தது.

"கொடுவாவா?" என்றார் மாமா. எழுந்தே விட்டார்.

"ஆமா."

"எங்க?"

"முகத்துவாரத்துல. பாலத்துக்குப் பக்கத்துல."

"எதுல எடுத்துச்சு?"

"வெள்ளை ரப்பர். பத்து கிராம் ஈயக் கொக்கி."

"அந்த நீரோட்டத்துல பத்து கிராம் நிக்காதே!"

"நின்னுச்சு. கரையை ஒட்டியே விட்டேன்."

மாமா மீனுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அத்தையும் எதிரே உட்கார்ந்தாள். தூண் பக்கம் ஓடியதை அவள் கையால் வரைந்து காட்டினாள். அவர் "அப்புறம்? அப்புறம்?" என்றார். நான் தகடைத் தொலைத்த கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். அத்தையும் சிரித்தாள். அவள் வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மாமாவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியப்பா, எல்லாம் தன் ஏற்பாடு என்பதுபோல நாற்காலியில் சாய்ந்து, இன்னொரு ரவுண்டு காபிக்குச் சைகை காட்டினார்.

நான் சமையலறைக்கு ஓடினேன். "அம்மா, அவங்க சேர்ந்துட்டாங்க!"

அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "வெங்காயத்தை எடு," என்றாள்.

பிறகு அத்தையும் மாமாவும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். குழம்பு கொதித்து இறக்குகிற வரை வெளியே வரவில்லை. வந்தபோது இருவர் முகமும் கழுவியிருந்தது. பெரியப்பா ஏதோ கேட்டார், அத்தை தலையசைத்தாள், மாமாவும் அதே மாதிரி தலையசைத்தார். அவர் பக்கத்துப் பெரியவர்கள் சாப்பிடாமல் கீழே காருக்குப் போய்விட்டார்கள். மாமா மட்டும் உட்கார்ந்து, இரண்டு துண்டு மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். லிஃப்ட் வரை நான்தான் கூடப் போனேன். என் முகத்தைக் குனிந்து பார்த்து, "மூக்கெல்லாம் தோல் உரியுது பாரு. அடுத்த தடவை தொப்பி போட்டுக்கோ," என்றார்.

அடுத்த தடவை என்றால் அடுத்த ஞாயிறு என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த வாரம் முழுக்க வீடு அமைதியாக இருந்தது. அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். ஒருவரோடு ஒருவர் அவ்வளவு நன்றாகப் பேசத் தெரிந்த இரண்டு பேர், அந்தப் பேச்சாலேயே விடைபெற்றும் கொள்ளலாம் என்று பத்து வயதில் எப்படித் தெரியும்? ஞாயிறு விடிகாலை எழுந்து, அப்பாவின் அலமாரியைக் குடைந்து, இரண்டு தொப்பிகளோடு வாசலில் நின்றேன்.

அத்தை கோலை எடுத்துக்கொண்டு வந்தாள். "இன்னொண்ணு யாருக்கு?"

"மாமாவுக்கு."

மாமா மஸ்கட்டுக்கு விமானம் ஏறி மூன்று நாளாகியிருந்தது. அது என்னைத் தவிர அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அத்தை அந்தத் தொப்பிக்குக் கை நீட்டினாள். வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, "வா, போலாம்," என்றாள்.

அன்று காலை முழுவதும் நான் மணலில் நின்றபடி குப்பத்துப் பாதையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காதே என்று அத்தை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.