பச்சை மைப் பேனாவும் ஓக்லா மோட்டார் படகும்

டெல்லியில் மோட்டார் படகு ஓட்டச் சான்றிதழ் வாங்கக் கிளம்புகிறீர்களா? முதலில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், மே மாத வெயிலில் நான் அலைந்த கதை இது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எல்லாம் என் மனைவி செண்பகத்துக்காக. கல்யாணமாகி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்து அப்போது பதினோரு வருடம். நாங்கள் இருவர் மட்டும் தனியாக இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்டர்வியூவுக்கோ தாஜ்மஹால் பார்க்கவோ ஊரிலிருந்து வந்த யாராவது ஒருவர் கூடத்தில் எப்போதும் பாய் விரித்திருப்பார். எங்கள் அலுவலக மனமகிழ் மன்றம் ஓக்லாவில், யமுனையில், ஒரு மோட்டார் படகு வைத்திருந்தது. ஊழியரோ வீட்டாரோ சான்றிதழ் வைத்திருந்தால் ஒரு மணி நேரம் தாங்களே ஓட்டிக்கொள்ளலாம். "ஒரு மணி நேரம். நாம ரெண்டு பேரு மட்டும்" என்று கேட்டாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாரமே எனக்கு ஜோத்பூருக்கு மாற்றல் வந்தது. ஜூன் கடைசியில் கிளம்ப வேண்டும். பாலைவனத்தில் எங்கே போய்ப் படகு விடுவது?

சான்றிதழ் தரும் அலுவலகம் காஷ்மீரி கேட் பக்கம். வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், இரண்டு பஸ், ஒன்றேகால் மணி நேரம். முதல் நாள் பத்தரைக்குப் போய் நின்றேன். "ஃபார்ம் கதம், சாப். கல் ஆயியே" என்றார் கவுண்டரில் இருந்த பாபு, அதாவது குமாஸ்தா. படிவம் தீர்ந்துவிட்டதாம், நாளைக்கு வரவேண்டுமாம். மறுநாள் படிவம் இருந்தது, பாபு இல்லை. டீ குடிக்கப் போனவர் பன்னிரண்டரைக்குத் திரும்பினார். வயது, உடல்நலம், நீச்சல் என மூன்று சான்றுகளின் நகல் வேண்டும், மூன்றிலும் கெஜட்டட் அதிகாரி கையெழுத்து வேண்டும் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நானே கெஜட்டட் அதிகாரிதான். ஞாயிறு காலையில் எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் மார்க் ஷீட் நகலோடு என் வாசலில் நிற்பார்கள். அசலைப் பார்த்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தித் தருவேன். அதே கைப்பழக்கத்தில் என் மூன்று நகல்களிலும் நானே போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள், பாபு விண்ணப்பத்திலிருந்த பெயரையும் முத்திரையிலிருந்த பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். "அரே சாப், உங்களுக்கு நீங்களே அட்டெஸ்டா?" என்று இந்தியில் அவர் போட்ட சத்தம் பக்கத்து மேஜைகளுக்கெல்லாம் கேட்டது. வேறு நகல் தருகிறேன் என்று கெஞ்சினேன். ஒருமுறை வாங்கியதைத் திருப்பித் தரக்கூடாதாம். ஆட்சேபம் எழுதி ஃபைலை மேலே அனுப்பிவிட்டார். மேலதிகாரியோ ஒரு மாத விடுப்பில். ஒன்று நிலுவையில் இருக்கும்போது இரண்டாவது விண்ணப்பம் போடவும் முடியாது. இதே விதியைச் சொல்லி நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! ஃபைல் எண்ணைக் குறித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் சொன்னேன். செண்பகம் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போடுதிய, எனக்குப் போடமாட்டியளோ? நானும் தாமிரபரணில நீந்துனவதான். எம்பேர்ல ஒரு ஃபார்ம் வாங்கிட்டு வாங்க."

உறவினருக்கு நடத்தைச் சான்றுதான் தரக்கூடாது. நகலில் கையெழுத்துப் போடத் தடையில்லை. பாபு விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டிவிட்டு, என் கையெழுத்தோடு இருந்த அவள் விண்ணப்பத்தை வேண்டா வெறுப்பாக வாங்கிக்கொண்டார். ஆட்சேபம் இல்லாததால் அது மேலதிகாரி வரை போக வேண்டியிருக்கவில்லை. மன்றத்துப் படகோட்டி நான்கு நாள் காலையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் நாள் படகைப் படகுத்துறையில் இடித்தாள். நான் உச்சுக்கொட்டியதும் கரையிலேயே இருக்கச் சொல்லிவிட்டாள். ஜூன் இரண்டாம் சனிக்கிழமை ஏழு மணிக்குத் தேர்வு. நேராக ஓட்டி, மிதவையைச் சுற்றி வந்து, துறையில் உரசாமல் நிறுத்திக் காட்டினாள். சான்றிதழ் கைக்கு வந்தபோது எங்கள் ரயிலுக்கு இரண்டே நாள் இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆட்டோ பிடித்தோம். ஓக்லா வரை ஒன்பது ரூபாய். மன்றத்தின் பதிவேட்டில் 'ஓட்டுபவர்' என்ற இடத்தில் அவள் எழுதினாள். 'பயணி' என்ற இடத்துக்கு நான் பேனாவை எடுத்தேன்.

"பச்சை மை வேண்டாம். இதுக்குச் சாதா பேனா போதும்" என்றாள்.

நடு ஆற்றில் இன்ஜினை அணைத்தாள். தண்ணீரில் நாற்றம் இருந்தது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பதினோரு வருடம் இதைக்கூடச் செய்து தரவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மணி நேரம் முடிந்தபோது, "இன்னும் அஞ்சு நிமிசம்" என்றாள். மன்ற விதிப்படி அது தவறு. இருந்துவிட்டுத்தான் வந்தோம்.

போகிறவர்களுக்கு: பத்து மணிக்கு முன்பே வரிசையில் நில்லுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். மழை தொடங்கினால் படகை விடமாட்டார்கள், அதனால் மார்ச்சிலேயே ஆரம்பியுங்கள். உங்கள் நகலில் நீங்களே கையெழுத்துப் போடாதீர்கள்.

என் விண்ணப்பத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. வராவிட்டாலும் பரவாயில்லை, படகு ஓட்ட வீட்டில் ஆள் இருக்கிறது.