வெறுந்தண்ணியில் வந்த சர்க்கரை

சத்தியமாக நடந்த கதை. ஆனால் பஞ்சை நூலாக இழுக்கிற ஊரில் பிறந்த என் வாய், கொஞ்சம் இழுத்திருக்கும். பேக்கரி வாசலில் டீயோடு நின்ற தம்பிதுரையும் ரங்கராஜும் அதைப் பொறுத்துக்கொண்டுதான் கேட்டார்கள்.

அவிநாசி லோகப்பிரியா துடைத்த தட்டில் சூரியனே முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்வான். கழுவிய ஏனத்தில் ஈரம் நின்றால் அவளுக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவள் கோயமுத்தூரில் ஒரு லேபில் உதவியாளராகச் சேர்ந்தாள். பட்டுப்புழுவின் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பார்க்கும் வேலை. கொசுவின் கண்ணீர் அளவு ரத்தம். அதிலுள்ள சர்க்கரையை எறும்புகூட மோப்பம் பிடிக்காது. கண்ணாடிக் குழாயில் விட்டு ஃபீனாலும் கந்தக அமிலமும் ஊற்றினால், சர்க்கரைக்குத் தக்கபடி மஞ்சள் ஏறும். பக்கத்தில் ரத்தத்துக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்ட குழாய் ஒன்று இருக்கும். அதில் நிறம் வரவே கூடாது.

வந்தது. தினமும் வந்தது. ஒருநாள் எலுமிச்சை, மறுநாள் சாமந்தி.

"ஏனுங்க லோகப்பிரியா, வெறுந்தண்ணிக்கே சக்கர வியாதியா?" என்று லேபை நடத்தும் பிரத்யுஷா மேடம் சிரித்தார்.

அடுத்த வாரம் சிரிக்கவில்லை. "புழுவெல்லாம் கூடு கட்டிருச்சுங்க. இருக்கற ரத்தம் இன்னொருக்காதான் வரும். நாளைக்கும் மஞ்சள்னா வேற ஆளத்தான் பாக்கோணும்."

மறுநாள் பயத்தில் குழாய்களை இன்னும் அழுத்தித் துடைத்தாள். எப்போதும்போல கணவன் கிருபாசங்கர் மில்லிலிருந்து கொண்டுவந்த பூப்போன்ற பஞ்சு. குச்சியில் சுற்றி அடிவரை விட்டுத் துடைத்தாள். ரத்தத்தைத் தொடுமுன் வெறும் தண்ணீரை மட்டும் வைத்துப் பார்த்தாள். எல்லாம் மஞ்சள். ஒன்றே ஒன்று தெளிவாக நின்றது. பதற்றத்தில் துடைக்க மறந்த குழாய் அது.

பஞ்சில் ஒரு இழையைப் பிய்த்து அதில் போட்டாள். மஞ்சள் பொங்கியது! பஞ்சு அமிலத்தில் கரைந்தால் சர்க்கரைதான். இத்தனை நாளும் துடைத்துத் துடைத்து அவளே சர்க்கரை வைத்திருக்கிறாள்.

இப்போது வேறு பயம் பிடித்தது. சொன்னால் பழைய அளவெல்லாம் குப்பை, வேலையும் போகும். இனிமேல் துடைக்காமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் மேடத்தின் முன் போய் நின்றாள்.

"தப்பு எம்மேலதானுங்க மேடம். தொடச்சே கெடுத்துப்போட்டேன்."

மேடமும் அந்தப் பஞ்சில் ஒரு இழையைக் குழாயில் போட்டுப் பார்த்தார். அதற்குள் லோகப்பிரியாவுக்கு நரையே வந்துவிட்டது.

"பழசெல்லாம் அடிச்சுப்போடலாம். தொடைக்காத குழாய எடுங்க. மிச்சமிருக்கற ரத்தத்த நீங்களே வெச்சுப் பாருங்க."

"சொல்லியே இருக்கப்படாதுங்க," என்று பேக்கரி வாசலில் ரங்கராஜ் குறுக்கிட்டார். "கமுக்கமா உட்டிருந்தா முடிஞ்சுதல்லோ?"

"பொய்க்கணக்கு நிக்கட்டும்ங்கறயா? உன்ற புத்தி போற போக்கப் பாரு!" தம்பிதுரை எகிறினார்.

"என்ற புத்திக்கு என்னய்யா கொறச்சல்? பஞ்சு சக்கரையாமா! மில்லுல ஆயுசுபூரா பஞ்ச மூக்குல இழுத்தேன், எனக்கேன் சக்கர வரல?"

"அதெல்லாம் மூளைக்குப் போயி அடச்சுக்கிச்சு!"

டீ டம்ளர் பறந்தது.