விலையம்மா எழுதிய பட்டியல்

சந்தையில் எல்லாருக்கும் அவர் விலையம்மா. புள்ளிவிவர அலுவலகத்தில் விலை சேகரிக்கும் வேலை, முப்பத்தொரு வருடம். வாரந்தவறாமல் அதே கடைகளுக்குப் போவார், அதே பொருள்களின் விலையைக் கேட்பார், ஒன்றும் வாங்காமல் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வியாபாரிகள் சிரிப்பார்கள். அந்த விலைகளை வைத்துத்தான் விலைவாசி எவ்வளவு ஏறியது என்று அரசு பார்க்கும். ஓய்வூதியக்காரர்களின் அகவிலைப்படியும் அதன்படியே ஏறும்.

ஓய்வு பெற்ற ஆறாம் வருடம் அந்தக் கணக்கு அவர் தலையிலேயே விடிந்தது. கணவருக்குப் பக்கவாதம். மாத்திரை, உடற்பயிற்சி சிகிச்சை, தூக்கி உட்காரவைக்க ஓர் ஆள் என்று செலவில் விழி பிதுங்கியது. மாத்திரை விலை கால் பங்கு ஏறியிருந்த அந்த ஆண்டு, அகவிலைப்படி ஏறியதோ இரண்டே சதவீதம். காரணம் அவருக்குத் தெரியாததல்ல. விலை எடுக்கும் பொருள்களின் பட்டியலில் மருந்துக்குக் கொடுத்த இடம் கடுகளவு. ஆள் கூலிக்கு இடமே இல்லை. டிவியும் செல்போனும் மலிந்ததில் மொத்த ஏற்றமும் குறைந்துவிட்டது.

பழைய அலுவலகத்துக்குப் போனார். அவரிடம் வேலை பழகியவர்தான் இப்போது அதிகாரி. எழுந்து நின்று நாற்காலி போட்டார். ஆனால் பிடி கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பட்டியலே வேலைக்குப் போகிற குடும்பங்களின் செலவை வைத்துப் போட்டது, மாற்றுவது தன் கையில் இல்லை என்றார்.

“டிவி மலிஞ்சா எனக்கென்னப்பா? மாத்திரைக்குப் பதிலா அதை முழுங்கவா முடியும்?”

“நீங்க சொல்றது நியாயம்தாம்மா. எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்.”

சும்மா எழுதிக் கொடுக்கவில்லை. ஆறு மாதம் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கி, பழைய முறைப்படியே விலை எடுத்து, தாள் தாளாக இணைத்தார். நான்கு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: தனிநபர் சேகரித்த விலைகளைப் புள்ளிவிவரமாக ஏற்க இயலாது.

கடிதத்தைக் கணவரிடம் காட்டினார். முப்பத்தொரு வருடமும் இதே கை எழுதிய விலைகளைத்தானே வாய் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள்? கணவர் குழறலாக, “விடும்மா” என்றார்.

“விட்டாத்தான் அவங்களுக்கு வசதி.”

ஓய்வூதியர் சங்கத்தில் கடிதத்தைப் படித்துக் காட்டினார். இன்னும் ஒன்பது பேர் சேர்ந்து கையெழுத்துப் போட, மறுமனு போயிருக்கிறது. பதில் இல்லை. உதவி ஆள் இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வருகிறார். மற்ற நாள்களில் கணவரை விலையம்மாவே தூக்குகிறார். முதுகு விண்விண்ணென்று வலிக்கிறது.