இரண்டு கடதாசித் துண்டுகள்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, சித்தி செய்த ஒரு சோக்குக்குள், அதாவது மின்சாரத்தை மட்டுப்படுத்தும் கம்பிச்சுருளுக்குள், இருந்த இரண்டு கடதாசித் துண்டுகளை எடுத்துக் குப்பையில் எறிந்தேன். என் சுண்டுவிரல் நகமளவுகூட இராது. ஆனாலும் அதன் பிறகு மூன்று நாட்கள் எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் தொண்டைமானாற்றில் எங்களோடு இருந்தார். இருவருக்கும் மூத்தவரான மாமா கடலுக்குப் போகிறவர். படகு விளக்குக்கான பற்றரியை நாள்தோறும் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜ் ஏற்றுவார். படகிலேயே சோலார் தகடு பூட்டி, அதிலிருந்து பற்றரிக்கு அளவாக மின்சாரம் அனுப்பும் பெட்டியொன்றைத் தானே செய்து தருவதாகச் சித்தி சொன்னார். மாமா நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. "சரி, செய்து பார். சரிவராட்டில் வவுனியாத் துணிக்கடைக்கு வேலைக்குப் போறாய். நான் அங்கை கதைச்சு வைச்சிருக்கிறன்" என்றார். சித்தி தலையாட்டினார்.

அந்தப் பெட்டிக்குள் போகவேண்டிய சோக்கைச் சித்தி இரண்டு நாள் இருந்து சுற்றினார். மூன்றே பல்லுள்ள சீப்பு மாதிரி இரண்டு கறுப்புக் கட்டிகள் முகத்தோடு முகம் பார்த்திருக்க, நடுப் பல்லைச் சுற்றிச் செப்புக் கம்பி. அம்மா சாப்பிடக் கூப்பிட்டு சித்தி எழுந்து போன நேரம், நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கட்டிகள் இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை. இடையில் கடதாசி சிக்கிக் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் சுத்தத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். ஒட்டுநாடாவைப் பிரித்துக் கடதாசியை எடுத்து எறிந்துவிட்டு, கட்டிகளை இறுக்கிப் பொருத்தி, நாடாவை ஒரு சுருக்கமும் இல்லாமல் மறுபடி சுற்றி வைத்தேன்.

"உந்த நாடாவை ஆர் இவ்வளவு வடிவாச் சுத்தினது?" என்று சித்தி கேட்டார்.

"நான்தான்."

"என்ரை கெட்டிக்காரி" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு அதை அப்படியே பெட்டிக்குள் பூட்டினார்.

அடுத்த நாள் காலை முற்றத்தில் தகட்டை வைத்துப் பார்த்தோம். இளவெயிலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. "பார்த்தியளே அண்ணை, ஏறுது!" என்று சித்தி துள்ளினார். வெயில் ஏற ஏறப் பெட்டி சூடாகியது. பதினொரு மணியளவில் 'டப்' என்றது. உள்ளேயிருந்த திரான்சிஸ்டர் வெடித்துப் புகை வந்தது. மாமா பற்றரியைத் தூக்கிச் சைக்கிளில் கட்டினார்.

கைவசம் இன்னுமொரு திரான்சிஸ்டர் இருந்தது. அதைப் போட்டுப் பார்த்தபோதும் காலையில் நல்லாக இருந்து, உச்சி வெயிலுக்குக் கிட்ட எரிந்துபோயிற்று. சித்தி தன் கொப்பியை விரித்து, போட்ட கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டார். அழித்து அழித்துத் தாள் கிழிந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் சாமான்களையெல்லாம் பிஸ்கற் தகரத்துக்குள் போட்டு மூடிவிட்டு, "நான் துணிக்கடைக்குப் போறன் அண்ணை" என்றார். மாமாவுக்கும் அதைக் கேட்கச் சந்தோசமாக இருந்ததாகத் தெரியவில்லை.

நான் போய் சித்தியின் பக்கத்தில் குந்தினேன்.

"ஏன் சித்தி அது எரியுது?"

"வெயில் கூடினால் கரண்ட் கூடும். கரண்ட் கூடக் கூட உந்தக் கறுப்புக் கட்டி காந்தமாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்திலை நிரம்பியிடும். நிரம்பினாப் பிறகு சோக்கும் வெறும் கம்பியும் ஒண்டுதான். கரண்டைத் தடுக்கேலாது, திரான்சிஸ்டர் எரிஞ்சுபோம். கெதியிலை நிரம்பக்கூடாதெண்டுதான் கட்டிக்கிடையிலை கடதாசி வைச்சு இடைவெளி விட்டனான். அப்பிடியும் நிரம்புது. என்ரை கணக்குப் பிழை, பிள்ளை. எனக்கு உது சரிவராது."

மற்றது எதுவும் எனக்கு விளங்கவில்லை. கடதாசி என்ற சொல் மட்டும் விளங்கியது. ஓடிப்போய் ஒளித்துக்கொள்ள நினைத்தேன். ஆனாலும் வாயைத் திறந்தேன்.

"அந்தக் கடதாசியைக் குப்பையெண்டு நான் எறிஞ்சு போட்டன், சித்தி."

அடி விழப்போகிறதென்று கண்ணை இறுக்கி மூடினேன். தகரம் திறக்கும் சத்தமும், நாடாவைக் கிழிக்கும் சத்தமும் கேட்டன. பிறகு சித்தி சிரிப்பது கேட்டது. கண்ணைத் திறந்தால் அழுதுகொண்டிருந்தார். என்னை இழுத்து மடியில் போட்டு, மூச்சு முட்ட முட்டக் கொஞ்சினார்.

மறுநாள் மாமாவே பருத்தித்துறைக்குப் போய் ரீவி திருத்தும் கடையில் புது திரான்சிஸ்டர் வாங்கிவந்தார். பழைய கலியாண அழைப்பிதழிலிருந்து சித்தி இரண்டு துண்டு வெட்டிக் கட்டிகளுக்கிடையில் வைத்தார். உச்சி வெயில் வந்து போயிற்று. மாமா பெட்டியில் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் அப்படியே நின்றார். அந்த வருடம் முடியுமுன் எங்கள் கரையில் இன்னும் ஐந்து படகுகளில் சித்தியின் பெட்டி ஏறியது. துணிக்கடைப் பேச்சை மாமா பிறகு எடுக்கவேயில்லை.

சித்திக்கு என்மேல் கொள்ளைப் பிரியம், அதனால்தான் அன்று அடிக்கவில்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். என் அறிவு இவ்வளவுதான் என்று மூன்று நாளாகத் தன்னை நொந்துகொண்டிருந்த ஒருத்திக்கு, அவளுடைய கணக்கு முழுக்கச் சரியென்ற செய்தியை நான் நடுங்கி நடுங்கிச் சொல்லியிருக்கிறேன் என்பது அந்த வயதில் எனக்கு எப்படி விளங்கும்?